உண்ணி கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?





பிசான நடவு முடிந்து, தாமிரபரணிக் கரை நெடுகிலும் வாய்க்கால் ஓரங்களிலும் புல்லும் புதரும் வளர்ந்து நிற்கிற காலம் இது. மழை விட்டுப் பனி தொடங்கும் இந்த மாதங்களில்தான் நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் காய்ச்சல் விண்ணப்பங்கள் கூடுகின்றன. சென்ற குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு விண்ணப்பங்கள் எங்களை மிகவும் யோசிக்க வைத்தன. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, அவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதல் விண்ணப்பம் ஆட்டு வியாபாரம் செய்யும் ஒரு சகோதரருடையது. மேலப்பாளையம் சந்தையில் ஆடு பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளிக்கும்போது, அக்குளில் ஓர் உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் பீடி நெருப்பால் அதைச் சுட்டு எடுத்திருக்கிறார். பயத்தில் அன்று இரவே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய், இரத்தப் பரிசோதனை, ஊசி, குளுக்கோஸ் எல்லாம் முடித்துக்கொண்டு மறுநாள் வீடு திரும்பினார். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. தோலில் பீடி சுட்ட புண் மட்டும்தான் மிச்சம். அந்தச் செலவுக்கு உதவி கேட்டிருந்தார்.

இரண்டாவது விண்ணப்பத்தை ஒரு மகள் எழுதியிருந்தார். அவருடைய உம்மா வீட்டில் இரண்டு ஆடு வளர்ப்பவர். தினமும் ஆற்றங்கரையில் புல் அறுத்து வருவார். காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் வந்தன. மூன்று நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை, பிறகு தெரிந்த இடத்தில் இரண்டு ஊசி. ‘மழைக்காலக் காய்ச்சல், இறங்கிவிடும்’ என்றே இருந்துவிட்டார்கள். எட்டாம் நாள் மூச்சு இரைத்தது, பேச்சு குழறியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த பிறகு, உடை மாற்றிய நர்ஸ் அம்மாதான் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஒரு சிறு கருப்புப் பொருக்கைப் பார்த்து டாக்டரிடம் சொன்னார். அதன் பிறகுதான் சரியான மருந்து தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய் பிழைத்துவிட்டார். ஆனால் மகளின் நகை முழுவதும் அடகுக்குப் போய்விட்டது. ‘அந்தப் புண்ணைக் காய்ச்சலுக்கு முன்னாலேயே பார்த்தேன். நாடா உரசியது என்று நினைத்தேன். அந்த இடத்தை எப்படிக் காட்டுவது?’ என்று பின்னர் அவர் சொன்னாராம்.

போக அவசியமில்லாதவர் அன்று இரவே ஓடினார். உடனே போக வேண்டியவர் எட்டு நாள் வீட்டில் இருந்தார். இருவருமே தவறான எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. எப்போது போக வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கடிப்பது எது?

நம் பேச்சில் ‘உண்ணி’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வகைப் பூச்சிகளைக் குறிக்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

ஒன்று, ஆடு, மாடு, நாய் இவற்றின் உடம்பில் கண்ணால் பார்க்கிற உண்ணி. இரத்தம் குடித்தால் மிளகு அளவிலிருந்து ஆமணக்கு விதை அளவு வரை உப்பும். மனிதர் மேல் ஏறினால் தலையைத் தோலில் புதைத்துக்கொண்டு ஒட்டியிருக்கும்.

மற்றது, புதரிலும் ஈரப் புல்லிலும் எலி நடமாடும் இடங்களிலும் இருக்கும் ஒரு வகைச் செம்மஞ்சள் நிறச் சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் பாதி அளவு கூட இருக்காது. கடிப்பது வலிக்காது, பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நம் பகுதியில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பத்திரிகைகள் எழுதும் ‘ஸ்க்ரப் டைபஸ்’ நோயைப் பரப்புவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான். ஓரியன்சியா சுசுகாமுஷி என்ற நுண்கிருமி இதன் உடம்பில் இருக்கிறது. தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் அது போய்விடுவதால், கிருமி அந்த இடத்தை விட்டுச் சுலபத்தில் நீங்குவதில்லை.

எனவே ‘எனக்கு உண்ணி எதுவும் கடிக்கவில்லையே’ என்று சொல்லி இந்த நோயை ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலான நோயாளிகளுக்குக் கடித்ததே தெரியாது.

இது புதிய நோயுமல்ல. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மா காடுகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இதனால் படுத்தார்கள். அப்போது இதற்கு மருந்து கிடையாது. 1948இல் கோலாலம்பூரில் நடந்த சோதனையில்தான் குளோராம்பெனிக்கால் என்ற மருந்து இந்தக் காய்ச்சலை நிறுத்துவது உறுதியானது. அதற்குப் பிறகு வந்த டாக்ஸிசைக்ளின் இன்று மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருக்கிறது. 2025 தொடக்கத்தில், குளிர்காலத்தில் இந்தக் காய்ச்சல் கூடுவதைக் கண்டு நமது மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் மாவட்டங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

உண்ணி ஒட்டியிருப்பதைப் பார்த்தால்

கண்ணுக்குத் தெரியும் உண்ணி ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். நெருப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். சூடோ எரிச்சலோ பட்டால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கக்கூடும். நுனி கூரான சாமணத்தால், தோலை ஒட்டி, தலைப் பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்க வேண்டாம். வாய்ப்பகுதியின் துணுக்கு தோலில் தங்கிவிட்டால் குடைந்து எடுக்க வேண்டியதில்லை. அது தானாக வெளியேறிவிடும். பிறகு கடிவாயையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்த உண்ணியை விரல் நகத்தில் வைத்துக் குத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

அடுத்து, வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியில் ‘உண்ணி கடித்தது’ என்று எழுதிவையுங்கள். அதிலிருந்து மூன்று வாரம் உடம்பைக் கவனித்து வாருங்கள். காய்ச்சலோ, தோலில் தடிப்போ, தலைவலியோ இல்லாமல் மூன்று வாரம் கழிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கடித்த அன்றே ஆன்டிபயாடிக் மாத்திரை போட வேண்டிய அவசியம் நம் பகுதியில் பொதுவாக இல்லை. அன்றே இரத்தம் எடுத்துப் பார்ப்பதிலும் பலன் இல்லை. நோய் வந்திருந்தால் கூட அத்தனை சீக்கிரம் பரிசோதனையில் தெரியாது. டி.டி. ஊசி போட்டு வெகு காலமாகியிருந்தால் அதை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். கடிவாய் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால் காட்ட வேண்டும்.

நம் ஆட்டு வியாபாரச் சகோதரர் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

காய்ச்சல் வந்தால்

கடியை வைத்து அவசரப்பட வேண்டியதில்லை என்று சொன்னோம். காய்ச்சலுக்கு அப்படியல்ல. பூச்சி கடித்து 6 நாள் முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் 10 நாள் வாக்கில், உண்ணிக் காய்ச்சல் தொடங்குகிறது. குளிரோடு கூடிய கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு வறட்டு இருமல், வாந்தி, வயிற்று வலி. அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் நெரி கட்டலாம். முதல் வாரத்தில் இது மற்றக் காய்ச்சல்களைப் போலவே இருக்கும். கவனிக்காமல் விட்டால், வாரம் கடந்த பிறகு நுரையீரல், சிறுநீரகம், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கத் தொடங்கும்.

நாய் உண்ணியால் வரும் இன்னொரு காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. அதில் காய்ச்சலோடு கை கால்களில், உள்ளங்கை உள்ளங்கால் உட்பட, சிவந்த தடிப்புகள் தோன்றும். குழந்தைகளிடம் இதைக் கவனிக்க வேண்டும். அதற்கும் ஏறக்குறைய இதே சிகிச்சைதான்.

நமக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 2012இல் கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்கு வந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு காய்ச்சல் என்றால் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையைக் கேட்கப் பழகிவிட்டோம். நல்ல பழக்கம்தான். ஆனால் உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணு குறையும். எலிக்காய்ச்சலிலும் குறையலாம். எனவே ‘தட்டணு குறைந்திருக்கிறது, டெங்குதான்’ என்று நாமே முடிவு செய்துகொண்டு, பப்பாளி இலைச் சாறோடு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. டெங்குக்குத் தனி மருந்து இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது. இருக்கும் மருந்தைக் கொடுக்காமல் விட்டுவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

எனவே எங்கள் ஆலோசனை இதுதான்:

1. காய்ச்சல் இரண்டாம் நாளும் விடவில்லை என்றால், மூன்றாம் நாள் கட்டாயம் டாக்டரிடம் போங்கள். கடந்த மூன்று வாரத்தில் புல், புதர், வயல், காடு, ஆட்டுத் தொழுவம் இவற்றில் புழங்கியவர் என்றால் முதல் நாளே போனாலும் நல்லது.

2. காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கருப்புப் பொருக்கு இருந்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம்.

3. மூச்சு இரைப்பு, குழப்பமான பேச்சு, வலிப்பு, கழுத்து விறைப்பு, சிறுநீர் குறைவு, கண் மஞ்சள், எங்கிருந்தாவது இரத்தக் கசிவு, தண்ணீர் கூட இறங்காத வாந்தி — இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். இரவு என்றும், விடியட்டும் என்றும் பார்க்க வேண்டாம்.

பொருக்கைத் தேடுங்கள், வெட்கப்படாதீர்கள்

பூச்சி கடித்த இடத்தில் முதலில் சிறு பரு போல எழும்பி, பிறகு நடுவில் கருத்து, சிகரெட்டால் சுட்டது போல ஒரு பொருக்கு உண்டாகும். சுற்றிலும் லேசாகச் சிவந்திருக்கும். வலியோ அரிப்போ இருக்காது. அதனால்தான் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லோருக்கும் இது இருக்காது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ஆனால் இருந்து, டாக்டர் கண்ணில் பட்டுவிட்டால், எந்தப் பரிசோதனையும் வரும் முன்பே நோய் ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பூச்சி தேடிப் போவது உடம்பின் மறைவான, மெல்லிய தோல் உள்ள, துணி இறுக்கும் இடங்களை. அக்குள், மார்புக்குக் கீழ், தொப்புள், கைலி முடியும் பாவாடை நாடாவும் இறுக்கும் இடுப்பு, தொடை இடுக்கு, மர்ம உறுப்புப் பகுதி, பிட்டம், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம். டாக்டர் கையைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதில் இவை எதுவும் தெரியாது.

நம் சமுதாயப் பெண்கள் இந்த இடங்களைக் காட்டக் கூச்சப்படுவது இயல்பு. ஹயா ஈமானோடு சேர்ந்த குணம்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நோய்க்கு மருத்துவம் தேடுவதும் மார்க்கம் நமக்குக் காட்டியிருக்கும் வழிதான். சிகிச்சையின் தேவைக்கு, தேவையான அளவுக்கு, மறைவிடத்தையும் மருத்துவருக்குக் காட்டலாம். பெண்ணுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம், கிடைக்காதபோது உறவினர் ஒருவர் உடனிருக்க ஆண் மருத்துவரிடம் என்று உலமாக்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். இதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. காய்ச்சல் வந்தவர் குளியலறையில் கண்ணாடி வைத்துத் தம் உடம்பைத் தாமே ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதியவர்களை மகளோ மருமகளோ, ஆண்களை மனைவியோ மகனோ பார்க்கலாம். குழந்தைகளைத் தலைமுடிக்குள் உட்படத் தாய் பார்க்க வேண்டும். பொருக்கு இருந்தால், ‘இந்த இடத்தில் ஒரு கருப்புப் புண் இருக்கிறது’ என்று டாக்டரிடம் வாயால் சொன்னாலே போதும். எப்படிப் பார்ப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

நெரிசலான புற நோயாளிப் பிரிவில் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். ‘காய்ச்சல், தலைவலி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வருவோம். மூன்று விஷயங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் போன இடம், செய்த வேலை: புல் அறுத்தது, பத்தமடையில் பாய்க்காகக் கோரை அறுத்தது, களை எடுத்தது, பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் போய்ப் புல்லில் உட்கார்ந்தது, ஆற்றங்கரையில் துவைத்த துணியைச் செடி மேல் காயப்போட்டது. மூன்றாவது, பொருக்கு அல்லது தடிப்பு. முடித்துவிட்டு, ‘டாக்டர், இது உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா?’ என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை.

‘நான் பீடி சுற்றுகிறவள், வீட்டை விட்டே போவதில்லை’ என்று சொல்லும் சகோதரிகளும் யோசிக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் புதரும் எலியும் ஆட்டுக்குப் போட்ட புல்லும் இருந்தால் பூச்சியைத் தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை.

பரிசோதனையும் மருந்தும்

இரத்தத்தில் எலிசா முறையில் பார்க்கும் ஐ.ஜி.எம். பரிசோதனையே பெரும்பாலும் செய்யப்படுகிறது. நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது தேடுவதால் காய்ச்சலின் முதல் சில நாட்களில் ‘இல்லை’ என்று வரலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே 2015இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆகவே ‘ரிசல்ட் வராமல் மருந்து தருகிறார்களே’ என்று சந்தேகப்பட வேண்டாம்.

மருந்து டாக்ஸிசைக்ளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள்; எனவே கர்ப்பமாக இருப்பதை, தள்ளிப்போயிருப்பதைக் கூட, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு. டாக்ஸிசைக்ளின் குழந்தைகளின் பல்லில் கறை உண்டாக்கும் என்ற அச்சம் முன்பு இருந்தது. இப்படிச் சில நாள் மட்டும் கொடுப்பதால் அப்படி ஆவதில்லை என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது.

பெனிசிலின் வகையும், பல ஆஸ்பத்திரிகளில் நரம்பில் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஊசிகளும் இந்தக் கிருமியிடம் பலிக்காது. விலை கூடிய ஊசி என்பதால் அது கூடிய மருந்து என்று நினைக்கக் கூடாது. அதே போல டாக்ஸிசைக்ளினை மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கி இரண்டு நாள் விழுங்கிப் பார்ப்பதும் கூடாது. காய்ச்சல் வேறாக இருந்தால் நேரம் வீணாகும். இதுவாகவே இருந்தால் அரைகுறை மருந்தில் திரும்ப வரும்.

மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றுப் புளிப்புக்கான ஜெலூசில் போன்ற மருந்து இவற்றை அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

ரமலானில் இந்தக் காய்ச்சல் வந்தால் பலர் நோன்பை விட மனமில்லாமல் மருந்தை விடுகிறார்கள். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய அனுமதி இருக்கிறது. காய்ச்சல் உள்ளவர் தண்ணீர் குடிக்க வேண்டியவர். அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்வதே நல்லது.

தாமதித்தவருக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் பல மருத்துவமனைகளில், கடுமையான உண்ணிக் காய்ச்சலோடு சேர்ந்த ஏறக்குறைய 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மரணமோ, ஏழாம் நாளிலும் தீராத உறுப்புப் பாதிப்போ, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சலோ இருந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகப் பெற்றவர்களில் அது மூன்றில் ஒருவர் அளவுக்குக் குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் நல்ல மருத்துவமனையில், நல்ல மருந்து கொடுத்தும், மூன்றில் ஒருவர் சிரமப்பட்டிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். நோய் முற்றுவதற்கு முன் வருகிறவருக்கு வாயால் விழுங்கும் ஏழு நாள் மாத்திரையே பெரும்பாலும் போதுமானது.

ஆடு அறுப்பவர்களுக்கும் காட்டுக்குப் போகிறவர்களுக்கும்

2011 ஜனவரியில் குஜராத்தின் அகமதாபாத் அருகே கிரிமியன்-காங்கோ என்ற இரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது. கால்நடை உண்ணியால் வருவது. நோயுற்ற பெண்மணியோடு அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டரும் நர்ஸும் இறந்தார்கள். கிருமி உள்ள ஆடு மாடு பார்வைக்கு நோயின்றியே இருக்கும். அது நமக்குத் தூரத்து ஊர்தான். ஆனாலும் குர்பானி காலத்தில் கையில் வெட்டுக்காயம் உள்ளவர் கையுறை அணிவதும், உண்ணியை வெறும் விரலால் நசுக்காமல் இருப்பதும், அறுத்த பின் சோப்புப் போட்டுக் கழுவுவதும் எளிய பாதுகாப்பு. ஆட்டோடு புழங்கியவருக்குக் காய்ச்சலும் இரத்தக் கசிவும் சேர்ந்து வந்தால் அந்தத் தொடர்பை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வேலைக்காக வயநாடு, ஷிமோகா காட்டுப் பகுதிகளுக்குப் போகும் சகோதரர்கள் கியாசனூர்க் காட்டு நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1957இல் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. காட்டு உண்ணியால் வருவது. குரங்குகள் செத்துக் கிடக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. பார்த்தால் வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்ல வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை. நோயாளியை ஒதுக்கி வைக்கவோ, பார்க்கப் போகாமல் இருக்கவோ காரணமில்லை.

வராமல் பார்த்துக்கொள்ள

புல்லில் வெறுமனே உட்காரவோ படுக்கவோ வேண்டாம். தார்ப்பாயோ கனத்த விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள். புல் அறுக்கப் போனால் முழுக்கை, முழுக்கால் மறையும் உடையும் செருப்புக்குப் பதில் ஷூவும் நல்லது. திரும்பியதும் உடையை மாற்றி, சோப்புப் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும். போட்டிருந்த துணியை மறுநாளுக்கு ஆணியில் மாட்டாமல் வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். துணியைப் புல்லிலும் புதரிலும் விரிக்காமல் கொடியில் காயப்போட வேண்டும். வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டி, எலி தங்கும் குப்பையை அகற்ற வேண்டும். நாய், ஆடுகளுக்கு உண்ணி மருந்து போடக் கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

நமது மையவாடியும் இதில் வருகிறது. மழைக்குப் பின் அங்கே வளர்ந்து நிற்கும் புதருக்குள் கபர் வெட்டுகிறவர்களும், ஜனாஸாவோடு வருகிறவர்களும் நுழைகிறோம். இந்த மாதக் கூட்டத்தில், மையவாடியைப் பருவத்துக்கு இருமுறை இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்வதென்றும், அந்த வேலை செய்பவர்களுக்கும் கபர் வெட்டும் சகோதரர்களுக்கும் கனத்த ஷூவும் கையுறையும் அறக்கட்டளைச் செலவில் வாங்கித் தருவதென்றும் முடிவு செய்திருக்கிறோம்.

இன்னொரு முடிவும் உண்டு. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்படும், அல்லது கூட்டிப்போக ஆளில்லாத பெண்களுக்குத் துணையாக நமது பெண்கள் அணியிலிருந்து ஒருவர் உடன் வருவார். ஆட்டோச் செலவை அறக்கட்டளை ஏற்கும். அலுவலகத்தில் சொன்னால் போதும். விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. மருத்துவ ஆலோசனைக்கு அரசின் 104 எண் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையமும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கட்டணமில்லாமல் பார்க்கின்றன.

தீவிர சிகிச்சைக்குப் பிறகு வரும் விண்ணப்பங்களுக்கு நாங்கள் கொடுப்பது, கட்டிய பணத்தில் ஒரு சிறு பகுதியைத்தான். அடகுக்குப் போன நகையை மீட்க அது போதாது. மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு எங்களிடம் வந்தால் ஆட்டோச் செலவோடு முடிந்துவிடும். இந்தப் பக்கத்தை வெட்டி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்
அறக்கட்டளை நிர்வாகக் குழுவிற்காக